மயிரிழை எழுத்துரு முரண்டு பிடிக்கும்போது: அழைப்பிதழ் வேலைக்கான பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மாடியறையில் திருமண அழைப்பிதழ்களுக்கு எழுத்துக் கோப்பது என் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் மூச்சு விடலாம். தையும் ஆவணியும் வந்தால் அதுவும் கிடையாது. வருகிறவர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி எழுத்துதான் வேண்டும்" என்பார்கள். பேனா முனையை அழுத்தினால் தடித்து, தூக்கினால் மயிரிழையாக மெலிந்து, கடைசியில் வால் சுழித்து ஓடும் எழுத்து. ஆங்கிலத்தில் ஹெர்மன் சாப்ஃப் வரைந்த சாப்ஃபினோவும் மேத்யூ கார்ட்டரின் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டும் அந்தக் குலம். தமிழில் இந்த வகை குறைவு. சாய்ந்த கையெழுத்தாக வரும் கவிவாணர், அரிமா மதுரையின் எட்டுக் கனங்களில் (தடிப்பு அளவுகளில்) ஆக மெல்லியது என்று சிலவற்றை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறோம்.

அழகுதான், ஆனால் தொட்டாற்சுருங்கி. மற்ற எழுத்துருவில் கண்ணுக்கே தெரியாத கோளாறு இதில் பல்லிளிக்கும். நான் திரும்பத் திரும்பச் சரிசெய்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். பணத்தையும் நாளையும் தின்பது கடைசியில் வரும்.

## எதற்கும் முன்னால்: எந்த இடத்தில் கெடுகிறது?

மூன்று இடங்களைப் பாருங்கள். எழுத்துக் கோக்கும் திரை, பிடிஎஃப், தாள்.

திரையிலேயே கெட்டிருந்தால் உரையிலோ மென்பொருளிலோ எழுத்துருவிலோ கோளாறு. உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, நிர்மலா போன்ற சாதாரண எழுத்துருவுக்கு ஒரு நிமிடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் பிழை இருந்தால் உரையையோ மென்பொருளையோ சந்தேகியுங்கள். மறைந்துவிட்டால் குற்றவாளி எழுத்துரு. இதை இனி "மாற்றுச் சோதனை" என்கிறேன்.

திரையில் சரி, பிடிஎஃப்பில் மட்டும் வேறு எழுத்தாக வருகிறது என்றால் எழுத்துரு கோப்போடு கூடப் போகவில்லை. பிடிஎஃப்பின் பண்புகள் பெட்டியில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எம்பெடட்" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துகளை வெளிவரையாக, அதாவது தட்டச்சில் இனித் திருத்த முடியாத வெறும் வடிவமாக, மாற்றி அனுப்புங்கள். ஆனால் மெய்ப்பு பார்த்து முடித்த பிறகு, மூலக் கோப்பின் நகலில் மட்டும். வெளிவரையான எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதை மணமகளின் அத்தை கண்டுபிடித்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தைகள் கண்டுபிடிப்பார்கள்.

தாளில் மட்டும் கெடுகிறது என்றால் நேராக "மெல்லிய கோடு காணாமல் போகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: கட்டம் கட்டமாக, அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்தாக வருகிறது

உரை முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்றம், அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் பழைய முறை. குடும்பத்தில் யாரோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அடித்த அழைப்பிதழையே பெயர் மாற்றி அனுப்பியிருப்பார்கள். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. பாமினியை நிறுவிப் படிக்கலாம். ஆனால் அதைக் கொண்டு உங்கள் மெல்லிய எழுத்துருவில் கோக்க முடியாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஸ்ரீ, ஔ, மேற்கோள் குறிகள், எண்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாற்றி சறுக்குவது இவற்றில்தான்.

ஆளுக்கொரு குறியேற்றம் என்ற இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் 1997இல் இதே ஊரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. கணியன் என்ற தமிழ்க் கணினி மென்பொருளைச் செய்த நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊரில் இன்னமும் பாமினிக் கோப்பு வந்து விழுவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தமிழ் முழுவதும் கட்டமாக இருந்தால் அந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது ஆங்கிலத்துக்கு மட்டுமானது. சில மென்பொருள்கள் கட்டம்கூடக் காட்டாமல், சத்தமில்லாமல் வேறு தமிழ் எழுத்துருவைச் செருகிவிடும். மணமகன் பெயர் ஆங்கிலத்தில் கொடிபோல ஓட, தமிழில் மட்டும் அரசாங்க அறிவிப்புபோல நிமிர்ந்து நின்றால் அதுதான் காரணம்.

ஓரிரு கட்டம் மட்டும் என்றால் பெரும்பாலும் மேலே போடும் ௐ. அது யூனிகோடில் சேர்ந்ததே 2008இல்தான். பழைய எழுத்துருக்களில் இருக்காது. வேறு எழுத்துருவிலிருந்து அந்த ஒரு குறியை மட்டும் எடுத்து, கோட்டின் கனம் பொருந்துகிறதா என்று பார்த்து வையுங்கள். பிள்ளையார் சுழியிலும் ஒரு பொறி உண்டு. சிலர் உகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் இரண்டை அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் மெல்லிய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எண்கள் இல்லை.

சொல்லின் நடுவே காரணமில்லாமல் கட்டம் வந்தால் கைப்பேசிச் செய்தியிலிருந்து வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடவே வந்திருக்கிறது. தேடாதீர்கள். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

## அறிகுறி: கொம்பு இடம் மாறுகிறது, நடுவில் புள்ளி வட்டம் தெரிகிறது

"கெ" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. "கொ"வில் கொம்பும் காலும் சேர்ந்து வலப்பக்கம் தொங்குகின்றன.

முதல் காரணம் மென்பொருளின் அமைப்பு. இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலில் "வேர்ல்ட் ரெடி" கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் கருவியை) தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" என்பதைத் தேர்வு செய்த பிறகு, பத்திப் பலகத்தில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்" கம்போசரைக் கொடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் டைப் அமைப்பில் இதே போன்ற தெரிவு உண்டு. அங்கே பழைய உரை அடுக்கு சில நேரம் மாறாது. அதை அழித்துவிட்டுப் புதிய அடுக்கில் ஒட்டுவது சுருக்கு வழி.

அமைப்பு சரியாக இருந்தும் புள்ளி வட்டம் போகவில்லை என்றால் உரையில் கொம்பு அநாதையாக நிற்கிறது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடித்திருப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. திருத்தி அடித்தால் சரியாகிவிடும்.

இரண்டும் சரி, மாற்றுச் சோதனையிலும் நன்றாக வருகிறது, இந்த ஓர் எழுத்துருவில் மட்டும் கொம்பு ஓடுகிறது என்றால் எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளே உடைந்தவை. அதைச் சரிசெய்ய எழுத்துரு வடிவமைப்பாளர் வேண்டும். அதற்கு முன் அதன் உரிமத்தைப் படியுங்கள். எஸ்ஐஎல் திறந்த உரிமத்தில் வந்ததென்றால் மாற்றியமைக்க அனுமதி உண்டு. விலைக்கு வாங்கியது பெரும்பாலும் அனுமதிக்காது. ஓர் அழைப்பிதழுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கட்சி. வேறு எழுத்துரு பாருங்கள்.

## அறிகுறி: "ஸ்ரீ" பிரிந்து நிற்கிறது

தலைப்பிலேயே வருவதால் எல்லார் கண்ணிலும் படும் பிழை இது. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் திருமணம் என்றால் அழைப்பிதழில் இரண்டு மூன்று முறையாவது வந்துவிடும்.

இந்தக் கூட்டெழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று வழக்கமான ஸகரத்தில் தொடங்குவது. மற்றொன்று 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது. விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறு. எழுத்துருவோ இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்திருக்கும். பிரிந்து நின்றால் மற்ற முறையில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் எழுத்துருவின் குறிப் பட்டியலைத் திறந்து, கூட்டெழுத்து தனியாக இருக்கிறதா என்று தேடிச் சொடுக்குங்கள். அதிலும் இல்லையென்றால் "திரு" என்று மாற்றலாமா என வீட்டுப் பெரியவரைக் கேட்கலாம். நான் ஒரே ஒரு முறை கேட்டேன். மறுபடி கேட்கப் போவதில்லை.

## அறிகுறி: திரையில் சரியாகத் தெரிந்த சொல், எழுத்துருவை மாற்றியதும் தப்பாகிறது

இது எழுத்துருவின் பிழையன்று. அது ஒரு பழைய பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தை அடிப்பது தமிழ்த் தட்டச்சின் தீராத வியாதி. "கோபால்" என்பதில் காலுக்குப் பதில் ரகரம் இருந்தாலும் சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. ரகரத்துக்குக் கீழே இழுப்பு உள்ள எழுத்துருவுக்கு மாற்றியதும் "கோபரல்" என்று நிற்கும். ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும் அடிப்பதும் இதே வகை.

மெய்ப்பை ஒருபோதும் மெல்லிய எழுத்துருவில் பார்க்காதீர்கள். சாதாரண எழுத்துருவில் பெரிதாக அச்சடித்து, பெயர்களை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். பிறகு மெல்லிய எழுத்துருவுக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: தலையோ வாலோ வெட்டுப்படுகிறது

மேல்விலங்கும் ஆங்கிலத்தில் நீண்ட தண்டுள்ள எழுத்துகளும் தலையில் வெட்டுப்படும். ஊகாரச் சுழி அடியில் வெட்டுப்படும்.

வேர்டில் வரி இடைவெளி "எக்ஸாக்ட்லி" என்று இருந்தால் அதை மாற்றுங்கள். சாப்ஃபினோ மாதிரி எழுத்துக்கு வழக்கமான வரி இடைவெளி போதவே போதாது. மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரு பெயர், நடுவில் தாராளமான வெற்றிடம் என்று விடுங்கள். படமாக ஏற்றுமதி செய்யும்போது மட்டும் வால் நறுக்கப்பட்டால், முதலில் வெளிவரையாக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

வால் தாளின் மூலைவரை ஓடும் வடிவமைப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. அச்சுக் காரணம் ஒன்றுமில்லை. அழைப்பிதழ் வீட்டுக்குப் போனதும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அந்த மயிரிழை மஞ்சளுக்குள் மூழ்கிவிடும்.

## அறிகுறி: ஆங்கிலப் பெயரில் எழுத்துகள் கைகோக்காமல் விட்டுவிட்டு நிற்கின்றன

இங்கே அழைப்பிதழ் பெரும்பாலும் இருமொழியில். ஆங்கிலப் பக்கத்தில் இது அடிக்கடி வரும்.

எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கொடுத்திருக்கிறீர்களா? சுழியமாக்குங்கள். இடைவெளிச் சரிக்கட்டலை (கெர்னிங்) "ஆப்டிகல்" என்று வைத்திருந்தால் "மெட்ரிக்ஸ்" என்று மாற்றுங்கள். இணையும் எழுத்துகளுக்கு வடிவமைத்தவர் கொடுத்த கணக்கே சரி. இருபக்கமும் சமமாக நீட்டும் வரி ஒழுங்கை விட்டு நடுவில் நிறுத்துங்கள். கூட்டெழுத்துகளும் சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களும் அணைக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் படிக்கவே முடியவில்லை என்றால், பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும். கொடி எழுத்தில் பெரிய எழுத்து என்பது மாப்பிள்ளைத் தலைப்பாகை மாதிரி. ஊர்வலத்தில் ஒருவர் கட்டினால் அழகு. எல்லாரும் கட்டிக்கொண்டு வந்தால் மாப்பிள்ளை யார் என்று தெரியாது.

தமிழிலும் இடைவெளியை நீட்டாதீர்கள். கொம்பு தன் எழுத்தைவிட்டு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், படிப்பவர் தடுமாறுவார்.

## அறிகுறி: தாளில் மெல்லிய கோடு காணாமல் போகிறது

நான் அதிக நேரம் செலவழித்த கோளாறு இதுதான். திரையில் தெரிந்த மயிரிழை, தாளில் முத்து முத்தாக அறுந்தோ அறவே இல்லாமலோ வருகிறது. ணகரம் மூன்று துண்டாகிறது. இகரத்தின் சுழி திறந்துகொள்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்து "அன்பு" என்பது "அனபு" ஆகிறது.

முதலில் கோட்டை அளந்துவிடுங்கள். எழுத்தை வெளிவரையாக்கி, ஆக மெல்லிய இடத்துக்குப் பக்கத்தில் 0.25 பாயிண்ட் கோடு ஒன்று வரைந்து, பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். எழுத்துருவின் மெல்லிய இழை, எழுத்தின் உயரக் கட்டத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு என்று வைத்துக்கொள்வோம். 14 பாயிண்ட்டில் அது 0.28 பாயிண்ட், ஏறக்குறைய 0.1 மி.மீ. 24 பாயிண்ட்டில் 0.48 பாயிண்ட், 0.17 மி.மீ. 30 பாயிண்ட்டில் 0.6 பாயிண்ட், 0.2 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். என் மேசையில் ஒட்டி வைத்திருக்கும் கீழெல்லை இது: வழவழப்பான தாளில் ஒற்றை மையில் 0.25 பாயிண்ட், அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு 0.5 பாயிண்ட், தங்க ஃபாயிலுக்கு (சூட்டால் அழுத்தி ஒட்டும் தங்க நிறத் தகட்டுத்தாள்) 0.2 மி.மீ. உங்கள் அச்சகத்தின் எல்லை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

இனிக் கிளைகள்.

கோடு புள்ளி புள்ளியாக அறுந்தால் நிறத்தைப் பாருங்கள். அரக்கு, சந்தனம், வெந்தயப் பச்சை போன்ற நிறங்களை நான்கு மைகளின் நுண்புள்ளிகளைக் கலந்துதான் அச்சு காட்டுகிறது. ஓர் அங்குலத்துக்கு 175 வரிப் புள்ளித்திரை என்றால், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய 0.145 மி.மீ. உங்கள் கோடோ 0.1 மி.மீ. வலையின் கண்ணைவிட மீன் சிறியது. செலவில்லாத தீர்வு, மெல்லிய எழுத்தை முழுக் கறுப்புக்கு மாற்றுவது. நிறம் வேண்டியே தீரும் என்றால் அந்த நிறத்தை ஒரே மையாகத் தனியே கலந்து ஆஃப்செட்டில் ஓட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பிளேட் வேண்டும், காசு கூடும்.

எழுத்தைச் சுற்றி வேறு நிற நிழல் தெரிந்தால் கறுப்பு ஒற்றை மையாக இல்லை. நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பு. மைகள் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாக விழாவிட்டால் மெல்லிய கோட்டில்தான் முதலில் தெரியும். கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு, மற்றவை சுழியம் என்று மாற்றுங்கள். வேர்டிலிருந்தும் ஃபோட்டோஷாப்பிலிருந்தும் வரும் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

எழுத்தின் ஓரம் முழுவதும் பிசிறடித்தால் உரை படமாகிவிட்டது. ஃபோட்டோஷாப்பில் அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்தில் கோத்த எழுத்து புகைப்படத்துக்குப் போதும், மயிரிழைக்குப் போதாது. பின்னணிப் படத்தை அங்கே செய்யுங்கள். எழுத்தை இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ வையுங்கள்.

அடர்சிவப்பில் வெள்ளை எழுத்து அடைபட்டால் மை இருபக்கமிருந்தும் பரவிக் கோட்டைத் தின்றிருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அடுத்த கனத்துக்குப் போங்கள். அரிமா மதுரையில் ஆக மெல்லியதை விட்டு ஒரு படி ஏறினாலே வேறுபாடு தெரியும். எழுத்தைச் சுற்றி வெளிக்கோடு போட்டுத் தடிப்பாக்கும் குறுக்குவழி எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லியதும் தடித்ததும் ஒரே அளவு பருக்கும். பேனா ஏறி இறங்கிய நயம் போய்விடும். ஞகரத்தின் உள் வளையங்கள் மூடிக்கொள்ளும். நோஞ்சானுக்குக் கம்பளிமேல் கம்பளி போர்த்துவதால் அவன் பயில்வான் ஆவதில்லை.

வரிவரியான, சொரசொரப்பான தாளில் மட்டும் அறுந்தால் கோப்பில் ஒன்றுமில்லை. பள்ளத்தில் மை இறங்கவில்லை. அதே கோப்பை வழவழப்பான அட்டையில் ஒரு பிரதி எடுத்துக் காட்டிவிட்டு, தாளா எழுத்தா எது வேண்டும் என்று வாடிக்கையாளரையே முடிவுசெய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாளைத்தான் விட்டுக்கொடுப்பார்கள்.

மடிப்பில் எழுத்து உரிந்தால் டோனர் அச்சு மடிப்புக் கோட்டில் வெடித்திருக்கிறது. எழுத்தின் வாலை மடிப்பிலிருந்து நகர்த்துங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் அட்டை வேறு சுருளும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்த கட்டை உடனே பிரிக்காமல் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு மடித்தால் தொல்லை குறைகிறது.

தங்க ஃபாயில் பிடிக்காவிட்டால் இரண்டையும் பாருங்கள்: கோடு மெலிந்து ஃபாயில் ஒட்டாமல் போவது, இடுக்கு குறுகி ஃபாயில் அடைத்துக்கொள்வது. ணகரமும் ஞகரமும் ழகரமும் முதலில் பலியாகும். கோட்டை மட்டும் அளந்து இடுக்கை அளக்காமல் விடுகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு முறை மணமகள் பெயரை 16 பாயிண்ட்டில் ஃபாயிலுக்குக் கொடுத்தேன். இருநூறு அட்டையிலும் ணகரம் மூன்று தங்கப் பொட்டாக வந்து நின்றது. அச்சகத்தின் மேல் பழி போட முடியவில்லை; அவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். மறு அச்சுக்கு நான்தான் பணம் கட்டினேன்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடமும் இதுதான். ஃபாயிலுக்கு உலோக அச்சுக்கட்டை செய்யும்முன், கோப்பை எடுத்துக்கொண்டு ஃபாயில் அடிக்கும் ஆளிடமே நேரில் போங்கள். அவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டும் இடங்களைத் திருத்திய பிறகு கட்டை செய்யுங்கள். கட்டை செய்த பிறகு கண்டுபிடித்தால் கட்டையும் போச்சு, நாளும் போச்சு.

## அறிகுறி: ஸ்டிக்கரிலோ அக்ரிலிக்கிலோ வெட்டும்போது எழுத்து துண்டாகிறது

மேடைப் பின்னணியிலும் வரவேற்புப் பலகையிலும் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டுவது இப்போது வழக்கம். மூன்று கோளாறுகள் வரும்.

எழுத்தும் எழுத்தும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டு விழுந்தால், இணையும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இயந்திரம் இரண்டின் ஓரத்தையும் தனித்தனியே வெட்டுகிறது. வெளிவரையாக்கி எல்லாவற்றையும் ஒன்றிணைத்துவிட்டு அனுப்புங்கள். செலவில்லை.

உரிக்கும்போது மெல்லிய வால் கிழிந்தால் எழுத்து சிறியது. பெரிதாக்குங்கள், அல்லது வெட்டுவதை விட்டு ஒளிபுகும் தாளில் அச்சடித்து ஒட்டுங்கள்.

அக்ரிலிக்கில் புள்ளி தனியாக விழுந்துவிடுவது தமிழுக்கே உரிய துயரம். ஆங்கிலப் பெயர் ஒரே கொடியாக வந்துவிடும். "கார்த்திக்" என்ற பெயரில் மூன்று புள்ளிகள் தரையில் கிடக்கும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைத் தவிர்த்ததுபோல நாமும் தவிர்க்க முடியாது. பின்னால் தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்று வைத்து அதில் ஒட்டச் சொல்லுங்கள். புள்ளியை எழுத்தோடு சிறு பாலம் போட்டு இணைப்பது இன்னொரு வழி. அதைத் தமிழ் தெரிந்தவர் செய்ய வேண்டும். தெரியாதவர் போட்ட பாலத்தில் மெய்யெழுத்து இகரம் ஏறிய எழுத்தாகிவிடும்.

## அறிகுறி: கைப்பேசியிலும் எல்இடி திரையிலும் மங்குகிறது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கும். மெல்லிய கோடு கலங்கும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மின்னழைப்பிதழுக்கு மட்டும் தனியாக, ஒரு படி தடித்த கனத்தில் இன்னொரு வடிவம் வைத்திருப்பது நல்லது.

மண்டபத்து எல்இடி சுவரில் விளக்குப் புள்ளிகளுக்கிடையே 3.9 மி.மீ. என்றால், இரண்டரை மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 640 புள்ளிகள்தான். ஒரு புள்ளியைவிட மெலிந்த கோடு அங்கே மினுக்கும் அல்லது மறையும். மண்டபத்தாரிடம் திரையின் புள்ளிக் கணக்கைக் கேட்டு, அதே அளவில் படம் செய்து, மெல்லிய கோடு இரண்டு புள்ளியாவது வருகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரியாக அச்சாகியும் யாராலும் படிக்க முடியவில்லை

எழுத்துருவை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறோம். மெல்லிய எழுத்து இரண்டு பெயருக்குச் சரி, தலைப்புக்குச் சரி. முகூர்த்த நேரம், மண்டபம், அடுக்குமாடி வீட்டின் புளோக் எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஆகியவற்றுக்கு ஆகாது. கொடி எழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே சாயலில் இருக்கும். புளோக் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டு அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் பட்டுப்புடவையோடு நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அட்டையைக் கோத்தவன் நான்.

சோதனை எளிது. அச்சான பிரதியை வீட்டில் மூத்தவரிடம், மாலை நேரத்து வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கொடுங்கள். தயங்கிய இடங்களை எல்லாம் சாதாரண எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரே பாயிண்ட் அளவில் தமிழ் பெரிதாகத் தெரியும். தமிழைக் கொஞ்சம் குறைத்து, கண்ணால் சமன் செய்யுங்கள். அளவுகோலை நம்ப வேண்டாம்.

## எதுவுமே கைகொடுக்கவில்லை என்றால்

தமிழ்ப் பெயருக்கு நீங்கள் நினைக்கும் நளினம் எந்த எழுத்துருவிலும் கிடைக்காமல் போகலாம். அப்போது கையால் எழுதுகிறவரிடம் இரண்டு பெயரை மட்டும் எழுதி வாங்குங்கள். அவரிடம் போகும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: பெயரின் சரியான எழுத்துக்கூட்டல், சாதாரண எழுத்துருவில் அச்சடித்து வீட்டார் கையெழுத்திட்டது, எந்தத் தாள், எந்த அச்சு, ஃபாயில் உண்டா என்ற விவரம், அட்டையில் பெயர் வரும் அகலம், மில்லிமீட்டரில். தேவையான அளவைப்போல் மூன்று மடங்கு பெரிதாக, வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். 1200 புள்ளி நுணுக்கத்தில் வருடி, வெளிவரையாக்கி, இறுதி அளவுக்குச் சுருக்கிய பிறகு கோட்டையும் இடுக்கையும் மறுபடி அளந்து பாருங்கள். 0.2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அவரிடமே திருப்பிக் கொண்டுபோய், சற்று அகன்ற முனையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.